நடுகல் இல்லாத சிலம்பு

1964-இல் மேகலா பிக்சர்ஸ் 'பூம்புகார்' படத்தை வெளியிட்டபோது அதில் கோவலனாக நடித்த எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1962 தேர்தலில் தி.மு.க. சார்பில் வென்று, இந்தியாவில் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் திரைநடிகர் என்று பெயர் பெற்றவர். புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று இருந்த அந்த 'இலட்சிய நடிகர்' கோவலன் வேடத்தை ஏற்றார் என்றால், அவருக்கும் அவருடைய இயக்கத்துக்கும் சிலப்பதிகாரம் புராணங்களின் வரிசையில் சேராத நூல் என்றே பொருள். படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி நடந்த வழியைப் பூம்புகாரிலிருந்து தேடி வந்து, கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கோயிலே சேர மன்னன் செங்குட்டுவன் எடுப்பித்த கண்ணகி கோட்டம் என்று அறிவித்திருந்தார். ஆக, காப்பியத்தின் முடிவிடம் என்று ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டிய மலை தேனிச் சீமையின் தெற்கு விளிம்பில் நிற்க, அந்தத் தேனியின் மக்கள் பிரதிநிதி நடித்த படமோ மதுரையைத் தாண்டி வரவில்லை. இது அந்த ஒரு படத்தின் குறை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. தமிழில் பெயர் நிலைத்த இரண்டு சிலம்புப் படங்களும், 1942-இன் 'கண்ணகி'யும் 1964-இன் 'பூம்புகா'ரும், தங்கள் உச்சத்தைப் பாண்டியன் அவையில் வைத்தவை. புகாரையும் மதுரையையும் காட்டி வஞ்சியை விடுவதால் ஒரு பின்கதைதான் குறைகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறைவது அதைவிடப் பெரிது. மூன்றாம் காண்டம் இல்லாத சிலம்பு பழிவாங்கிய ஒரு பெண்ணின் கதை. அது இருக்கும்போதுதான், ஒரு துயரத்தை மக்களும் அரசும் எப்படி நினைவாக்கினார்கள், அந்த நினைவுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்கும் காப்பியம் அது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் தரும் சான்றுகளைப் போல வேறு எந்த ஊரும் தருவதில்லை.

சினிமா மதுரையில் நின்றதற்கு அலட்சியம் காரணமில்லை. நூல் முழுதாக அச்சேறியதே உ.வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்தபோதுதான். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் நெடுங்காலம், ஊர்மக்களுக்குத் தெரிந்திருந்தது கோவலன் கதை என்னும் கதைப்பாடலும் அதையொட்டிய கூத்தும் நாடகமுமே. சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகம் ஸ்பெஷல் நாடக மேடைகளில் விடிய விடிய நடந்தது. அந்த மேடைக்குத் தேவை, இருவர் எதிரெதிரே நின்று வாதிடும் தர்க்கம். கண்ணகியும் பாண்டியனும் எதிரெதிரே நிற்கும் வழக்குரை காதையை விட அதற்கு வாய்ப்பான காட்சி தமிழில் வேறு கிடையாது. ஜூபிடர் பிக்சர்ஸின் 'கண்ணகி'யில் கோவலனாக வந்த பி.யு. சின்னப்பா பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்தவர். கண்ணகியாக நடித்த கண்ணாம்பாவுக்கு இளங்கோவன் எழுதிய வசனமோ, பாட்டையே நம்பியிருந்த தமிழ்ப் படத்தைப் பேச்சின் பக்கம் திருப்பியது. பத்தாண்டு கழித்து 'பராசக்தி' நீதிமன்றக் கூண்டையே அரசியல் மேடை ஆக்கியது. அதன் வசனகர்த்தா மு. கருணாநிதி பின்னர் 'பூம்புகா'ருக்குத் திரைக்கதை எழுதும்போது, அரசனைக் கேள்வி கேட்கும் குடிமகளே கதையின் நடுவில் நின்றாள். அந்தக் காலத்துக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆட்சியில் இருப்பவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று தமிழ்நாட்டுத் திரையரங்குகள் பழகிக்கொண்டதில் அந்தக் காட்சிக்குப் பங்குண்டு. அதைக் குறைத்துப் பேசும் எண்ணம் இக்கட்டுரைக்கு இல்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினா கடற்கரையில் எழுந்த சிலையும் கையில் சிலம்பேந்தி வழக்குரைக்கும் கண்ணகிதான். மேடையும் திரையும் சிலையும் ஒரே கணத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியதில், அந்தக் கணமே காப்பியம் என்று ஆகிவிட்டது.

காப்பியம் அங்கே முடியவில்லை. மொத்தம் 30 பகுதிகளில் கடைசி 7 வஞ்சிக் காண்டம். மதுரை எரிந்தபின் கண்ணகி மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வையையின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மேடு பள்ளம் பாராமல், இரவு பகல் அறியாமல் நடந்து, நெடுவேள் குன்றம் என்று நூல் சொல்லும் மலையேறி ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். கோவலன் இறந்த பதினான்காம் நாள் அவன் வானவூர்தியில் வந்து அவளை அழைத்துப்போகிறான். இதைக் கண்ணால் கண்ட சாட்சிகள் குன்றக் குறவர்கள். அவர்கள் எந்த அரசனிடமும் அனுமதி கேட்கவில்லை. பறை கொட்டச் சொல்லி, கொம்பு ஊதச் சொல்லி, நறும்புகை காட்டச் சொல்லி, அந்த மரத்தடியிலேயே அவளைத் தெய்வமாக்கிக் குரவை ஆடிவிடுகிறார்கள். மலையைப் பார்க்க அரசியோடு வந்து பேரியாற்று மணலில் தங்கியிருக்கும் செங்குட்டுவனிடம் பிறகுதான் செய்தி போகிறது. (அந்தப் பேரியாற்றின் நீர்தான் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வயல்களுக்குப் பாய்கிறது.) யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன், மயில், கிளி, குரங்குக்குட்டி என்று மலைபடு பொருள்களைத் தலையில் சுமந்து வரிசையாக வருகிறவர்கள், அந்தக் காணிக்கைகளோடு காணிக்கையாக, ஒரு முலை இழந்த பெண்ணைக் கண்ட கதையையும் அரசன் முன் வைக்கிறார்கள். உடனிருக்கும் புலவர் சாத்தனார் அவள் யார் என்று விளக்குகிறார். செங்குட்டுவன் அரசியைப் பார்த்து, கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினி, இருவரில் யாரை வியப்பது என்று கேட்கிறான். பாண்டிமாதேவி வானுலகில் சிறப்படையட்டும், நம் மண்ணைத் தேடி வந்தவளை நாம் வழிபட வேண்டும் என்கிறாள் அவள். கோயில் என்ற எண்ணம் பிறந்தது அரசியின் அந்த ஒரு பதிலில். ஆற்று மணல், சுமைகளோடு நிற்கும் மலைமக்கள், ஒரு கேள்வி, ஒரு பதில்: கேமராவுக்காகவே எழுதி வைத்தது போன்ற இந்தக் காட்சியை நம் காப்பியப் படங்கள் தங்கள் நடுக்காட்சியாக ஆக்கிக்கொள்ளவில்லை.

இதற்குப் பின் வரும் பகுதிகளின் பெயர்களைக் கவனிக்க வேண்டும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. இவை காப்பியத்தை இயற்றிய இளங்கோ புதிதாக வைத்தவை அல்ல. போரில் மாண்ட வீரனுக்குக் கல் தேர்ந்து, எடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் சடங்கின் படிகளாகத் தொல்காப்பியம் முன்பே சொல்லி வைத்தவை. ஆநிரை மீட்டோ கவர்ந்தோ களத்தில் விழுந்தவனுக்கு உரிய அந்த முறையை, வாள் எடுத்தறியாத வணிகர் குலத்துப் பெண் ஒருத்திக்கு அப்படியே பொருத்தியதுதான் இளங்கோவின் ஆகப் பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலின் அளவு தெரிய வேண்டுமானால் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பைக்குப் போக வேண்டும். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே, வையைக் கரையை ஒட்டிய பழைய ஈமக்காட்டில், தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். பொது ஆண்டுக்கு முற்பட்ட அந்தக் கற்கள் இந்தியாவில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களிலேயே மிகப் பழையவை என்று கருதப்படுகின்றன. குதிரை, வாள், மாடு என்று பிற்கால நடுகற்களில் நாம் பார்த்துப் பழகிய உருவம் எதுவும் அவற்றில் செதுக்கப்படவில்லை. வெறும் கல்லில் சில சொற்கள், அவ்வளவே. ஒன்று, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்தான் என்று அறிவிக்கிறது. அந்தக் கூடலூர் இன்றைய கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூர்தானா என்று அறுதியிட இடமில்லை. ஆனால் ஒன்று உறுதி. கண்ணகி நடந்ததாகக் காப்பியம் சொல்லும் ஆற்றங்கரையில், காப்பியம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, இறந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறிக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. மாடு பிடிக்கப் போய் மாண்டவனுக்குக் கிடைத்த கல், கணவனை இழந்து நீதி கேட்டவளுக்குக் கிடைக்குமா என்பதே வஞ்சிக் காண்டத்தின் கேள்வி. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எடுத்த படத்தில் கண்ணகி கோபம் கொண்டாள் என்பது மட்டும் பார்ப்பவருக்குத் தெரியும். அவளுக்காக ஒரு சமூகம் தன் மரபையே மாற்றி எழுதியது தெரியாமல் போகும்.

இன்னும் கூர்மையான சான்று வாழ்த்துக் காதையில் இருக்கிறது. கோயில் எழுந்தபின் கண்ணகியின் தோழி தேவந்தி, செவிலித்தாய், அடித்தோழி, மாதரியின் மகள் ஐயை என்று புகாரிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெண்கள் வஞ்சிக்கு வந்து புலம்புகிறார்கள். அவளைப் பறிகொடுத்தவர்கள் கூடும் அந்த இடத்தில், தெய்வ வடிவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவனுடைய மகள் என்றும் சொல்கிறாள். அவையில் நின்று அவன் குற்றத்தை நிறுவியவள் அவள்தான். பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவறு உணர்ந்த நொடியில் உயிரை விட்டான். அந்த உயிர்தான் அவன் கொடுத்த தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்ட பிறகே அவள் அப்படிப் பேசுகிறாள். வழக்கும் மன்னிப்பும் ஒரே வாயிலிருந்து வருகின்றன, இடையில் ஒரு நகரம் எரிந்திருக்கிறது. முதல் பாதியை மட்டும் காட்டிவிட்டுத் திரை விழுந்தால், காப்பியம் பாண்டியனைப் பற்றிச் சொன்ன கடைசிச் சொல் பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை. எரிந்த நகரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் நூல் மறைக்கவில்லை. அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் விழுந்தாள். மதுரைக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். கோவலனின் தந்தை துறவு பூண்டார், தாய் துயரத்தில் இறந்தாள். கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான். ஒரு பொற்கொல்லனின் பொய்க்கு ஒரு தொழிலைச் சேர்ந்த ஆயிரம் பேர் தலைகொடுத்தார்கள். பழிக்குப் பழி எங்கே போய் நிற்கும் என்று இதைவிடத் தெளிவாக ஒரு நூல் காட்ட முடியாது. மதுரை எரியும்போது கைதட்டுகிற அரங்கம் இந்த ஆயிரம் பேரையும் பார்த்தாக வேண்டும். காப்பியப் படம் என்ற பெயருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

மறுப்புகளுக்கு வருவோம். வஞ்சிக் காண்டம் பிற்காலத்தில் ஒட்டப்பட்டது, முதல் இரண்டு காண்டங்களே மூலநூல் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நடையில் வேறுபாடு இருப்பதும், சேர மன்னன் புகழ் அங்கே திடீரென மேலோங்குவதும் அவர்களுக்குச் சான்று. அது உண்மையாகவே இருந்தாலும் என் வாதம் தளரவில்லை. நூலின் பதிகமே, மலைக்குறவர் வந்து வேங்கை நிழலில் கண்டதைச் சொல்லத்தான் கதை தொடங்கிற்று என்கிறது. கூடவே, நூற்றாண்டுக் கணக்கில் கற்றோர் படித்ததும் உரைக்கு எடுத்துக்கொண்டதும் மூன்று காண்டமும் சேர்ந்த நூலைத்தான். படமாக்குகிறவர் மூலபாட ஆய்வாளர் அல்லர். மரபின் கையிலிருந்து என்ன வந்ததோ அதைத்தான் வாங்குகிறார். மேலும், ஒட்டப்பட்டது என்றால் ஏன் ஒட்டினார்கள் என்ற கேள்வி எழும். மதுரைத் தீயோடு கதையை விட மனம் ஒப்பாத யாரோ ஒருவர், எத்தனை நூற்றாண்டுக்கு முன்போ, இதே குறையை உணர்ந்திருக்கிறார் என்றுதானே ஆகிறது? தெய்வமாக அவளைக் கும்பிடுகிறவர்களின் அனுபவமும் அந்தப் பக்கமே நிற்கிறது. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படுகிறது. ஆனால் விழா வழக்கோடு நிற்பதில்லை, குளிர்த்தியில்தான் நிறைவடைகிறது. எரித்தவளைக் குளிர்விக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அங்குள்ள பக்தர்களின் உறுதி. அந்தக் கதையைப் புனித நூலாகவே கேட்கும் மக்கள், கதை எங்கே முடிகிறது என்பதைச் சினிமாவை விடச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

நீளம் ஒரு காரணமாகச் சொல்லப்படும். உச்சக்காட்சி முடிந்தபின் பார்வையாளர் உட்கார மாட்டார் என்று விநியோகஸ்தர் சொல்வதில் பழைய நாடக அனுபவம் இருக்கிறது. ஆனால் 'பொன்னியின் செல்வன்' 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக வந்து, கதையை நடுவில் நிறுத்தினாலும் தமிழ்ப் பார்வையாளர் காத்திருப்பார் என்று காட்டிவிட்டது. சிலம்பை இரண்டாக வகுத்தால் முதல் பாகம் மதுரையில் முடியட்டும், இரண்டாம் பாகம் வையைக் கரையில் தொடங்கட்டும். இதைவிடக் கனமான மறுப்பு வேறு. வஞ்சிக் காண்டம் போர்ப்பெருமை பேசுகிறது. கல்லுக்காக இமயம் வரை படை நடத்தி, கனகன், விசயன் என்ற இரு மன்னர் தலையில் அந்தக் கல்லை ஏற்றிவருகிறது. இன்று அதைப் பிரம்மாண்டமாகப் படம் எடுத்தால் வெற்றுப் பெருமிதமாகத்தானே முடியும்? இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அம்பும் யானையும் கணினி வரைகலையும் கிடைத்துவிட்டால் நம் இயக்குநர்களின் கை எங்கே போகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நூலைக் கவனமாகப் படித்தால், அந்தப் பெருமிதத்தை அறுக்கும் கத்தியும் அதற்குள்ளேயே இருக்கிறது. பொதியமலைக் கல்லைக் காவிரியில் நீராட்டலாம், இமயக் கல்லைக் கங்கையில் நீராட்டலாம் என்ற இரு வழியும் அரசன் முன் வைக்கப்பட்டது. பொதியத்துக் கல் எடுப்பது தன் வாளுக்குப் பெருமை தராது என்று அவன்தான் இமயத்தைத் தேர்ந்தான். சிறைப்பட்ட மன்னர்களைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டச் சொல்லி அனுப்பியபோது, தவவேடத்தில் தப்பி ஓடியவர்களைப் பிடித்தது என்ன வீரம் என்று அவர்கள் இகழ்ந்தார்கள். மாடலன் என்னும் மறையோன் அரசன் முகத்துக்கு நேரே, வயது ஏறிவிட்டது, களவேள்வி போதும், அறவேள்வி செய் என்றான். செங்குட்டுவன் சினம் தணிந்து சிறையிருந்தவர்களை விடுவித்தான். அதாவது படையெடுப்பைப் புகழும் காப்பியமே அதை விசாரணைக்கும் உட்படுத்துகிறது. இந்த இழுபறியை எடுக்கும் துணிவு இல்லாதவர் கையில் அது விபரீதம் ஆகலாம் என்பதால் கதையையே வெட்டிவிடுவது தீர்வாகாது.

அடுத்தது அற்புதங்களைப் பற்றிய மறுப்பு. முலையைத் திருகி எறிந்து நகரை எரிப்பதும் வானவூர்தியும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை, அவற்றை நீக்கினால்தான் கண்ணகி மனிதப் பெண்ணாக மிஞ்சுவாள் என்று திராவிட இயக்கம் சார்ந்த தழுவல்கள் எண்ணின. பெரியார் அதற்கும் மேலே போய் நூலையே கடுமையாக மறுத்தார். இவ்விடத்தில் 'பூம்புகார்' வந்த அதே 1964-இல் இத்தாலியில் வந்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பியர் பாவ்லோ பசோலினி மார்க்சியர், நம்பிக்கையாளர் அல்லர். அவர் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது ஏசுவாக ஒரு ஸ்பானிய மாணவரை நடிக்க வைத்தார். முதிய மரியாளாகத் தன் தாயையே நடிக்க வைத்தார். மற்றப் பாத்திரங்களிலும் தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்தார். ஜெருசலேமுக்குச் செட் போடாமல் தென்னித்தாலியின் வறண்ட மலையூரான மத்தேராவில் கேமராவை வைத்தார். உரையாடலை நற்செய்தியின் சொற்களிலிருந்தே எடுத்தார். அற்புதங்களை அவர் நீக்கவில்லை. தொழுநோயாளியின் முகம் நலமாகிறது, ஏசு நீர்மேல் நடக்கிறார். நம்பாதவர் ஏன் இதைச் செய்தார்? அந்தக் கதையை நம்பிய ஏழை மக்களின் கண்ணோடு கதையைப் பார்க்க விரும்பினார். அவர்கள் கண்டதாகச் சொன்னதை அழிக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார் என்றே படம் காட்டுகிறது. சிலம்பில் வானவூர்தி வருவதை இளங்கோ கண்டதாகச் சொல்லவில்லை, குறவர் கண்டதாகச் சொல்கிறார். அது சாட்சியம். சாட்சியத்தைப் படம் எடுக்கும் வழி, ஊர்தியைக் கணினியில் செய்து பறக்கவிடுவதாகவும் இருக்க வேண்டியதில்லை, அதை வெட்டி எறிவதாகவும் இருக்க வேண்டியதில்லை. பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். அதில் பகுத்தறிவாளரும் பக்தரும் ஒரே அரங்கில் உட்கார முடியும்.

சொல்லுகிறவனைக் கதைக்குள் வைத்திருப்பது நம் காப்பியங்களின் இயல்பு. பீட்டர் புரூக் மகாபாரதத்தை 1985-இல் மேடையேற்றி 1989-இல் படமாக்கியபோது வியாசரையும், எழுதிக்கொள்ளும் கணேசரையும், கேட்கும் ஒரு சிறுவனையும் விடாமல் வைத்துக்கொண்டார். அந்தப் படைப்பின் மீது நமக்கு வேறு சண்டைகள் இருக்கலாம், ஆனால் அந்த ஒரு முடிவு மூலத்தின் உயிரை அறிந்தவரின் முடிவு. சிலம்பில் இளங்கோ வரந்தரு காதையில் தாமே நேரில் வந்து நிற்கிறார். தேவந்தியின் மேல் ஏறிய தெய்வம் அவர் துறவுபூண்ட காரணத்தைச் சொல்லக் கேட்கிறார். எழுதியவனும் கதையின் முடிவில் ஒரு சாட்சியாக நிற்கும் காப்பியம் இது. வஞ்சிக் காண்டத்தோடு அவரும் போய்விடுகிறார். புனிதமான ஒரு நூலை இப்படிப் புதிய வடிவத்துக்குக் கொண்டுவர யாருக்கு உரிமை என்று கேட்போர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இதற்குப் பதிலாகின்றன. பத்தாம் நூற்றாண்டு இராசசிம்ம பாண்டியனின் பெரிய செப்பேடு, தன் முன்னோர் பெருமைகளை அடுக்கும்போது, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் ஒன்றாகச் சொல்கிறது. போர் வெற்றிகளோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஒரு பழங்கதையை மறு ஆக்கம் செய்வது அரசுக்குரிய பணியாகக் கருதப்பட்டது. மாற்றி எழுதுவதைத் தமிழ் மரபு ஒருபோதும் குற்றமாகப் பார்த்ததில்லை. அது கேட்பதெல்லாம், எதை எடுத்தாய், எதை விட்டாய் என்பதற்குக் கணக்கு.

கடைசியாக இடத்தைப் பற்றிய தயக்கம். நெடுவேள் குன்றம் எது என்பதில் கருத்துவேறுபாடு இன்னும் தீரவில்லை. உரை மரபில் திருச்செங்கோட்டைச் சொல்வோர் உண்டு. கேரளத்தில் கொடுங்ஙல்லூரின் உரிமை வலுவானது, அங்கே 1968-இல் குஞ்சாக்கோ அந்தத் தெய்வத்தின் பெயரிலேயே படம் எடுத்தார். மங்கலதேவி கோயிலோ தமிழக கேரள எல்லைத் தகராற்றில் சிக்கி, புலிகள் காப்பகக் காட்டுக்குள், ஆண்டுக்கு ஒரே நாள் சித்திரா பௌர்ணமியில் மட்டும் திறக்கிறது. தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து அதை நடத்துகின்றன. ஒரு பக்கம் குமுளியிலிருந்து ஜீப்புகள் செம்மண் பாதையில் உறுமிக்கொண்டு ஏறுகின்றன. இன்னொரு பக்கம் லோயர் கேம்ப் அருகே பளியங்குடியிலிருந்து கூட்டம் கால்நடையாகக் காட்டு வழியே போகிறது. இந்த வழக்கில் ஒரு படம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இடம் பற்றிய உறுதி ஆய்வாளருக்குத் தேவை. படத்துக்குத் தேவை வழி. மதுரையிலிருந்து மேற்கே வையையை ஒட்டி நடந்தால் ஆண்டிபட்டியும் தேனியும் வரும். பிறகு சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு இருபுறமும் மலை நெருங்கி நெருங்கி, கடைசியில் சேரநாட்டு மலைச்சுவராக எழும். பாண்டிய நாட்டைத் துறந்து சேர மலைக்கு ஒரு பெண் நடந்தாள் என்றால் நிலம் அவளுக்கு எப்படி மாறியிருக்கும் என்பதை இந்த வழி சொல்லிவிடும், குன்று எதுவாக இருந்தாலும் சரி.

இந்த மண்ணே அதற்கு வேண்டிய திரைமொழியையும் ஏற்கெனவே தந்திருக்கிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை அளிக்கும் செய்தி. அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் '16 வயதினிலே' எடுத்து, ஸ்டுடியோ கிராமத்தை விட்டு மெய்யான கிராமத்துக்குத் தமிழ் சினிமாவைக் கூட்டிவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பண்ணைப்புரத்து இளையராஜா 'அன்னக்கிளி'யில் தெம்மாங்கையும் தாலாட்டையும் சினிமா இசையின் நடுக்கூடத்தில் உட்காரவைத்தார். தேனிக்காரர்கள் தமிழ்த் திரைக்குக் கொடுத்த இந்த இரண்டு கொடைகளும் சிலம்புப் படத்தின் பக்கம் இன்றுவரை வரவில்லை. காப்பியம் என்றதும் நமக்கு அட்டை அரண்மனையும் அடுக்கு வசனமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் சிலம்பின் பல பகுதிகள், கானல் வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என்று கடலோரத்தார், வேடர், இடையர், குறவர் பாட்டும் ஆட்டமும்தான். அதற்கு வேண்டியது திறந்த வெளியும் ஊர்க்குரலும். குறவர் பகுதியை எழுதுகிறவர் சங்கத் தமிழைப் போலி செய்யாமல், இந்த மலைகளில் இன்றும் வாழும் பளியர் போன்ற மலைமக்களிடம் உட்கார்ந்து, ஓர் அந்நியப் பெண் மரத்தடியில் வந்து நின்றால் அவர்கள் ஊரில் அதை எப்படிச் சொல்வார்கள், யாரிடம் முதலில் சொல்வார்கள், என்ன கொட்டுவார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தக் கேள்விகளுக்கான விடையே இரண்டாம் பாகத்தின் முதல் அரைமணி நேரம். செங்குட்டுவனின் யானைகள் அதற்குப் பிறகு வந்தால் போதும்.